ஒரு கரையில் ஏழு நாள்

யமுனையின் கிழக்குக் கரையில், மயூர் விஹாரில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் என் போன்ற தமிழர்களுக்கு, பள்ளி விடுமுறை வந்ததும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம் செய்து, குழந்தைகளுக்குக் கடலைக் காட்டிவிட்டு வருவது வருஷந்தோறும் நடக்கும் ஒரு சடங்கு. சடங்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று மாமல்லபுரம், நாளை புதுச்சேரி, மறுநாள் ராமேசுவரம், அதற்கும் மறுநாள் கன்னியாகுமரி என்று வாடகைக் காரில் விரைந்து, ஒவ்வொரு கரையிலும் அரைமணி நேரம் நின்று, காலை நனைத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, சோழி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, ‘கடல் பார்த்தாயிற்று’ என்று திருப்தியோடு திரும்பிவிடுகிறோம். பார்த்தது என்ன என்று குழந்தையைக் கேட்டால், அலை என்று ஒரு சொல்லும், மணல் என்று இன்னொரு சொல்லும் கிடைக்கும். மூன்றாவது சொல் கிடைப்பது அபூர்வம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் நான்கு ஊர்களைச் சுற்றுவதை விட்டு, ஒரே கரையில் ஏழு நாள் தங்கி, விடியற்காலையும் அந்தியும் அதே மணலில் உட்கார்ந்து பார்த்தால், பிரயாணச் செலவு பாதியாகக் குறைவதோடு, அந்தப் பிரயாணத்தின் பயன் வீடு திரும்பிய பிறகும் வெகுகாலம் நிலைத்திருக்கும்.

2025 ஜனவரியில், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோரோடு சென்னைக்குப் போன சமயம், உறவினர் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாததால் வெளியூர்த் திட்டங்கள் எல்லாம் ரத்தாகி, பெசன்ட் நகரிலேயே ஒரு வாரம் இருக்க நேர்ந்தது. முதலிரண்டு நாள் பேத்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஷ்மிட் நினைவு மண்டபத்தைச் சுற்றி மாலையில் கூடும் ஜனத்திரளையும் பலூன்காரர்களையும் பார்த்து அலுத்துப்போன அவளை, மூன்றாம் நாள் விடியுமுன் எழுப்பி, ஊரூர் ஆல்காட் குப்பத்தைக் கடந்து, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றேன். அன்று தொடங்கிய பாடம் ஊர் திரும்பும் நாள்வரை ஓயவில்லை.

நீர் வடிந்த ஈர மணலில் பொட்டுப் பொட்டாகத் துவாரங்களும், ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றியும் கடுகளவும் மிளகளவுமான மணல் உருண்டைகளும் கோலப் புள்ளிகளைப்போல் பரந்து கிடந்தன. அசையாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகுதான் அந்தக் கோலத்தைப் போடுகிறவர்கள் வெளியே வந்தார்கள். சிறு நண்டு மணலை வாரி வாயிலிட்டு, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டி ஒதுக்கி வைக்கிறது. அடுத்த ஏற்றம் வந்து அத்தனை உருண்டைகளையும் அழித்துவிட, அடுத்த முறை நீர் வடிந்ததும் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வடியும் நீர், இன்று வடிந்த நேரத்துக்கே நாளை வடியாமல் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் பிந்துவதற்குச் சந்திரனே காரணம் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்த பேத்தி, நண்டுகளைப் பார்க்க நாம் வரவேண்டிய நேரமும் தினம் அவ்வளவு தள்ளிப்போகிறது என்பதைத் தானே கண்டுகொண்டபோது அடைந்த சந்தோஷம், அரைமணி நேரத்தில் கரையை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு எப்படி வாய்க்கும்?

கரையில் உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நண்டை அலவன் என்று அழைத்த நம் முன்னோர், நெய்தல் நிலத்துச் சிறுமியர் அதைத் துரத்தி விளையாடுவதை ‘அலவன் ஆட்டல்’ என்றே பெயரிட்டு இலக்கியத்தில் ஏற்றிவைத்தார்கள். அகநானூற்றின் 160ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார் கடலாமை முட்டையிடும் காட்சியை வருணிக்கிறார். மணல்மேட்டில் படரும் அடும்பங்கொடி சிதைவதும், சினையாமை முட்டைகளை மணலில் ஒளித்துப் புதைப்பதும், அம்முட்டைகள் தந்தத்தில் கடைந்த விளையாட்டுக் காய்களைப்போல் உருண்டிருப்பதும், அவற்றில் புலால் நாறுவதும் அதில் பிரத்தியட்சமாக இருக்கின்றன. குஞ்சு பொரிக்கும் வரை ஆணாமை காவல் காக்கும் என்று அவர் சொல்வது மட்டும் இன்றைய உயிரியலோடு ஒத்துவரவில்லை. கடலாமைகளில் ஆண் கரைக்கு வந்து காவலிருப்பதில்லை, தாயும் முட்டைகளை மூடிவிட்டு அப்போதே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த ஒரு பிழையைத் தவிர மற்றவை யாவும் மணலருகே குனிந்து பார்த்த ஒருத்தியின் கண்ணிலிருந்து வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பாட்டின் காட்சி இன்றும் சென்னைக் கரையில் நடக்கிறது. பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் ஆமை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலை இறுக்கிவிட்டுப் போகிறது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் பொரித்து வெளிவரும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. அது செல்ல வேண்டிய திசையைத் தீர்மானிப்பது கடல்மேல் தெரியும் மெல்லிய வெளிச்சம். கரையோரத்து மின்விளக்குகள் கடலைவிடப் பிரகாசமாக இருந்தால், குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி, தெருவை நோக்கி ஊர்ந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது. இதைத் தடுப்பதற்காகவே 1988 முதல் சென்னை மாணவர்களும் அவர்களோடு சேர்ந்த தொண்டர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவுகளில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

அந்த ஜனவரியில் நாங்கள் கண்ட முதல் ஆமை உயிரோடு இல்லை. அந்த மாதம் சென்னைக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றில் ஒன்று கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி, எங்கள் பாதையில் கிடந்தது. வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேத்தி, “கடல்ல இருக்கிற ஆமை கடல்லயே எப்படித் தாத்தா செத்துப்போகும்?” என்று கேட்டாள்.

“அது மீனு இல்ல கண்ணு, மேல வந்து மூச்சு வாங்கணும். இழுவை மடியில மாட்டிக்கிச்சுன்னா எப்படி வாங்கும்?” என்றார் அவர்.

ஆமையின் சுவாசத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு பாடநூலும் அவளுக்குச் சொல்லியிராது. கொண்டலையும் வாடையையும் உடம்பால் அறிந்து, நீரோட்டத்தின் திசைக்கேற்ப வலை வீசும் அந்த மனிதர்களே கடற்கரையின் வித்வான்கள். நாமோ அவர்களுடைய குடியிருப்பை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஒரே கரையில் சில நாள் தங்குகிறவனுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இந்தப் பரிச்சயம். முதல்நாள் அந்நியனாகப் பார்த்தவர் நான்காம் நாள் கணவாய் ஓட்டை எடுத்துக் குழந்தை கையில் கொடுக்கிறார். ஐந்தாம் நாள், நீலக் குமிழாக ஒதுங்கியிருக்கும் சொறியைத் தொடாதே, கை எரியும் என்று எச்சரிக்கிறார்.

ஏழு நாள் ஒரே இடத்தில் இருந்தால் குழந்தைகளுக்கு அலுக்காதா என்று நண்பர்கள் ஆட்சேபிக்கிறார்கள். முதலிரண்டு நாள் அலுக்கத்தான் செய்யும். அந்த அலுப்பைத் தாண்டிய பிறகே கண் திறக்கிறது. 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்த மா. கிருஷ்ணன், யானையையும் காட்டையும் பற்றி எழுதிய அதே சிரத்தையோடு வீட்டருகே திரியும் சாதாரணப் பிராணிகளைப் பற்றியும் எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு விஷயம் வற்றவில்லை என்றால், ஒரு வாரத்தில் கடலிடம் விஷயம் வற்றிவிடும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. பெற்றோர் செய்ய வேண்டியவை மிகச் சில: நீர் வடியும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது, இரவில் கைவிளக்கையும் கைபேசி வெளிச்சத்தையும் அணைத்துவிடுவது, கடைகளில் சிப்பி, சங்கு, பவழம் வாங்காமல் இருப்பது. உயிரற்ற சங்குங்கூட வேறொரு நண்டு குடிபுகக் காத்திருக்கும் வீடு என்று ஒருமுறை காட்டிவிட்டால், எந்தக் குழந்தையும் அதைப் பையில் போட்டுக்கொள்ளத் துணியாது.

முகத்துவாரத்தின் மணல்திட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்த கடற்காகங்களைப் பேத்தி நாள்தோறும் எண்ணினாள். குளிர்காலத்தில் அவற்றின் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் எஞ்சியிருக்கும் என்பதையும், மத்திய ஆசியாவின் உயர்ந்த பீடபூமி ஏரிகளில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு அவை தெற்கே இறங்கி வருகின்றன என்பதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள்.

தில்லி திரும்பிய பின் ஒரு பிப்ரவரிக் காலை, மெட்ரோ ரயில் யமுனையைக் கடந்துகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் இருந்த அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். வஜீராபாதிலிருந்து ஓக்லாவரையுள்ள 22 கிலோமீட்டர், நதியின் மொத்த நீளத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் நதியில் சேரும் மாசில் பெரும்பகுதி அங்கேதான் சேர்கிறது. அந்தக் கரிய நீரின்மேல் வெண்ணிறப் பறவைகள் தாழ்ந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தன. “தாத்தா, கரும்பொட்டு!” என்றாள். முப்பது குளிர்காலமாக அந்தப் பாலத்தின் வழியேயும் பக்கத்துப் பாலங்களின் வழியேயும் போய்வந்திருக்கும் நான், யமுனையில் கடற்காகம் இருப்பதை அன்றுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

“இந்தத் தண்ணியில இதுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி. படித்துறைகளில் ஜனங்கள் சேவ் பொட்டலங்களைப் பிரித்து இறைப்பதைச் சொன்னேன். அவள் முகம் மாறிற்று. மயூர் விஹாருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில், ஓக்லா அணைக்கருகே, 1990 முதல் ஒரு பறவைகள் சரணாலயம் இருந்துவருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போவதாக வாக்களித்தேன். விடியுமுன் கிளம்ப வேண்டும், கால்மணி நேரம் பேசக் கூடாது, சேவ் வாங்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் அவள் விதித்தாள். மூன்றுக்கும் சம்மதித்துவிட்டேன்.