பொய்ச் செய்தியும் சிறைக்கூடமும்

அரசியல்வாதிகளைப் பற்றிப் பொய்ச் செய்தி வெளியிடும் பத்திரிகையாளரைச் சிறையில் இட்டால் என்ன? இக்கேள்வி பலராலும் கேட்கப்படுகின்றது. பொய் தீது என்பதில் ஐயமில்லை. அரசியல்வாதிக்கும் மானம் உண்டு. அவர் வீட்டிலும் மனைவி மக்கள் உளர். தேர்தலுக்கு முதல் நாள் கிளப்பிவிடப்படும் பொய், வாக்காளரையும் ஏமாற்றிவிடும். ஆயினும், பொய்யைத் தண்டிக்கும் கோலை எவர் கையிற் கொடுப்பது என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

1798 ஆம் ஆண்டில், பிரான்சுடன் போர் மூளுமோ என்ற அச்சம் நிலவிய வேளையில், ஐக்கிய அமெரிக்கா இத்தகைய சட்டமொன்றை இயற்றியது. அரசாங்கத்தையோ, காங்கிரஸ் சபைகளையோ, சனாதிபதியையோ பொய்யும் வன்மமும் கலந்து பழித்தெழுதுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை; 2,000 டொலர் வரை தண்டம். எழுதியது உண்மையென நிரூபித்தோர் தப்பலாம். பார்வைக்கு நியாயமான சட்டமே. ஆனால், அது காக்க முன்வந்தவர்களின் வரிசையில் உபசனாதிபதி இல்லை. அப்பதவியில் இருந்தவர், சனாதிபதி ஜோன் அடம்ஸின் அரசியல் எதிரியான தோமஸ் ஜெபர்சன்! அவரை எவரும் எவ்வாறும் ஏசலாம். அடம்ஸின் பதவிக்காலம் முடியும் 1801 மார்ச்சுடன் சட்டமும் ஒழியும் என்று அதிலேயே எழுதியும் வைத்தனர்.

அச்சட்டத்திற்கு முதலில் இரையானவர் வேர்மொன்ட் பிரதிநிதி மத்தியூ லையன். அடம்ஸ் ஆடம்பரத்திலும் முகத்துதியிலும் தீராத வேட்கை கொண்டவர் என அவர் எழுதினார். 4 மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும் கிடைத்தன. ஒருவர் முகத்துதியை விரும்புகிறார் என்பதை எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பது? அது செய்தியன்று, அபிப்பிராயம். பொய்யைப் பிடிக்க விரித்த வலையில் முதலில் அகப்பட்டது கண்டனமே. மக்களோ, சிறையிலிருந்த லையனையே மீண்டும் தெரிவுசெய்தனர். 1840 இல் அத்தண்டப் பணம் அவருடைய சந்ததியாருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

நம் நாட்டுக்கும் இவ்வனுபவம் உண்டு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அவதூற்றைக் குற்றமாக்கியிருந்தது. சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஒரு பிறந்தநாள் விருந்துக்குச் சென்றதாக 1995 இல் வெளிவந்த பத்திக் குறிப்புக்காக, 'சண்டே டைம்ஸ்' ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க 1997 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். குறிப்பு உண்மையன்று என்பதே வழக்குத்தொடுநர் தரப்பின் வாதம். அப்படியே இருப்பினும், விருந்துச் செய்திக்குச் சிறையா? வழக்குத் தொடுத்த சட்டமா அதிபரை நியமிப்பவரும் சனாதிபதியே என்பதை நோக்குக. 2002 இல் பாராளுமன்றம் அவ்வவதூற்றுப் பிரிவுகளை நீக்கியது. இணையவழிப் பொய்க் கூற்றுகளைக் குற்றமாக்கிய 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இவ்விவாதத்தை மீண்டும் கிளப்பிற்று.

அவ்வாறாயின் பொய்யர் தப்பிவிடுவதா? அன்று. அவதூற்றுக்கு ஆளானவர் குடியியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரலாம். அங்கே அவர் அரசாங்கத்தின் பலத்தோடன்றி, தம் வழக்கின் பலத்தோடு நிற்கின்றார். திருத்தமும் மறுப்பும் கோரலாம். பத்திரிகைத் துறையினர் 2003 இல் அமைத்த முறைப்பாட்டு ஆணைக்குழு இத்தகைய முறைப்பாடுகளுக்கென்றே தோன்றியது. நட்டஈட்டு வழக்கும் பெருந்தொகை காட்டிப் பத்திரிகையை அச்சுறுத்தக்கூடும் என்பது மெய்யே. ஆயினும், இழந்த பணத்தை ஈட்டலாம். சிறையிற் கழிந்த நாளை ஈட்டல் இயலாது.

பகைமைச் செய்தி வேறு, பொய்ச் செய்தி வேறு. முன்னது ஆள்வோருக்குக் கசப்பு. மக்களுக்குப் பல வேளைகளில் மருந்து. இவ்விரண்டையும் பிரித்தறியும் உரிமையை ஆள்வோரிடம் ஒப்படைத்தால், கசப்பதெல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே, ஒரு செய்தியைப் படித்ததும், இதனைச் சொன்னவர் யார், சான்று எது, மறுதரப்பு யாது என்று வினவும் பழக்கத்தை மாணவர் இளமையிலேயே பெறுவாராக. பெற்றோரும் வீட்டிலே அப்பழக்கத்தை வளர்ப்பாராக. கேட்டதையெல்லாம் நம்பாத வாசகர் முன் பொய் நெடுநாள் நில்லாது.