கவசத்தைக் குறைக்கிறது பக் திருத்துறது இல்லை

ஈவ் ஒன்லைன் விளையாடுற பெடியளோட கதைச்சால் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "என்ர கப்பலை உடைச்சுப் போட்டாங்கள்." எதிரி சுட்டதைச் சொல்லேல்ல. அப்டேட்டில கவசத்தின் எண்ணைக் குறைச்சதைத்தான் சொல்லுறாங்கள். உடனே பக்கத்தில ஒருத்தன், "அது பக் ஃபிக்ஸ் மச்சான், விடு" எண்டுவான். எனக்குப் பிரச்சினை இந்த இரண்டாவது ஆளோடதான்.

தெரியாதவர்களுக்கு: 2003இல் ஐஸ்லாந்தின் சிசிபி கொம்பனி தொடங்கிய விண்வெளி விளையாட்டு இது. 2016 நவம்பரிலிருந்து இலவசமாகவும் விளையாடலாம். சேர்வர் லண்டனில் இருந்தாலும் கணக்கை ஒரு செக்கனுக்கு ஒருமுறைதான் பார்க்கும். அதனால் எங்கட இன்டர்நெட் கொஞ்சம் இழுத்தாலும் தாக்குப் பிடிக்கலாம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று அடுக்கு: மேலே ஷீல்ட், அதற்குள் கவசம், கடைசியில் கப்பலின் உடல். ஷீல்ட் தானாக நிரம்பும், கவசம் நிரம்பாது. கவசத் தகடு பூட்டினால் கப்பல் பாரமாகி மெதுவாகத் திரும்பும். ஷீல்டைப் பெருப்பித்தால் எதிரியின் கண்ணுக்குக் கப்பல் பெரிதாகத் தெரியும், குறிவைப்பது லேசு. ஷீல்ட் பூஸ்டரைத் தட்டின உடனே பலன் வரும். கவசம் திருத்தும் கருவியோ சுற்று முடிகிற நேரத்தில்தான் பலன் தரும், அதற்கிடையில் செத்தும் போகலாம். புதிதாக வருபவர்கள் இதைப் பக் என்று நினைப்பார்கள். இல்லை, வேண்டுமென்றே வைத்த விலை அது. கவசக் கப்பல் ஓட்டுவது கொஞ்சம் பொறுமைசாலிகளின் வேலை (எங்கட ஹொஸ்டலில் அப்படி ஆக்கள் குறைவு).

பக் எண்டால் என்ன? 2007 டிசம்பரில் வந்த ட்ரினிட்டி அப்டேட் சிலரின் விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரில் இருந்த 'பூட்.இனி' என்ற கோப்பை அழித்துவிட்டது. விளையாட்டுக்குள்ளும் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்ததால் வந்த வினை. கொம்பியூட்டரே எழும்பவில்லை. இதைத் திருத்தாதே என்று ஒருவரும் கொடி பிடிக்கமாட்டினம்.

ஆனால் 2016இல் நடந்ததைப் பாருங்கள். எல்லாக் கப்பல்களின் உடலுக்கும் இயல்பாகவே 33% எதிர்ப்பைக் கொடுத்தார்கள். சரக்குக் கப்பல்காரருக்குச் சந்தோசம். அவற்றை மறித்து அடித்துப் பிழைத்த கொள்ளைக் கூட்டங்களுக்கு வயிற்றெரிச்சல். 2020 ஏப்ரலில் எதிர்ப்புக் கருவிகளின் பலத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அங்கே உடைந்த சாமான் ஒன்றும் இருக்கவில்லை. சண்டையில் கப்பல்கள் இன்னும் கெதியாகச் சாக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் அது முடிவு, திருத்தம் இல்லை. ஒரு கப்பலை ஒழுங்காக ஓட்டத் தேவையான பயிற்சி நிஜ நேரத்தில், மாதக்கணக்கில் ஓடும். அந்த மாதங்களை யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். எண்ணை மாற்றும்போது அவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். இதற்கு அரசியல் என்றுதான் பெயர்.

இதற்குள் ஒரு சிக்கலும் இருக்கு. 2008 கடைசியில், விண்வெளி நிலையங்களில் மூலப்பொருள் போடாமலே விலையுயர்ந்த பொருள் உற்பத்தி செய்ய வழிவிட்ட ஒரு பக் அம்பலமானது. வருசக்கணக்காகச் சிலர் சத்தமில்லாமல் அதில் உழைத்திருந்தார்கள். கணக்குகள் தடை செய்யப்பட்டன, சந்தையில் விலை ஏறியது. ஆக, பக் திருத்தினாலும் யாருக்கோ நட்டம் வரும். ஆனால் அந்தப் பக்கால் உழைத்தவர் இது களவு என்று தெரிந்தே உழைத்தார். தகடு பூட்டினவர் கொம்பனி எழுதிய விதியை நம்பிப் பூட்டினார். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க ஏலாது.

சிசிபி இதைக் கொஞ்சமாவது விளங்கி வைத்திருக்கிறது. குறைபாட்டுத் திருத்தங்களைத் தனித் தலைப்பில் போடுகிறது. பெரிய மாற்றங்களைச் சோதனை சேர்வரில் முதலே விட்டுப் பார்க்கிறது. 2008இலிருந்து ஆட்டக்காரர்கள் வாக்குப் போட்டுத் தெரியும் ஒரு சபையும் இருக்கிறது. சபைக்கு வீட்டோ கிடையாது, கொம்பனி கேட்காமலும் போகலாம். அதற்காக வாக்குப் போடாமல் விட்டுவிட்டு, அப்டேட் வந்த பிறகு "உடைச்சுப் போட்டாங்கள்" என்று புலம்புகிறவர்களும் எங்களுக்குள் நிறைய. இந்த முறை வேட்பாளர்களிடம் நான் கேட்கப் போவது ஒன்றுதான்: அடுத்த தடவை கவசத்தில் கை வைத்தால், யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை அறிவிப்பின் முதல் பந்தியிலேயே எழுத வைப்பீங்களா?