டிரையர் சுற்றலையா? முதலில் மூடியைப் பாருங்கள்!

சகோதரிகளே, ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் துறையூரில் மொட்டை மாடிக் கொடிக்கு வேலையே இல்லை. பச்சைமலைப் பக்கம் கறுத்தால் போதும், காயப்போட்டதை அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அப்போதெல்லாம் எனக்குக் கை கொடுப்பது வாஷிங் மெஷினின் டிரையர்தான். இரண்டு தொட்டி வைத்த மெஷின். ஒன்றில் துவைத்து, மற்றதில் போட்டுச் சுற்றினால் தண்ணீர் வடிந்துவிடும். அப்புறம் கூடத்து ஃபேன் காற்றே போதும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம். மறுநாள் பள்ளிக்கூடம், சின்னவளின் யூனிஃபாரம் சொட்டச் சொட்ட ஈரம். டிரையரைத் திருகினேன். ஊஹூம், அசையவே இல்லை! "மெஷின் போச்சா?" என்று என்னவர் கையைப் பிசைந்தார். பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

துவைக்கும் தொட்டி ஓடியது. ஆகவே கரண்ட் வருகிறது, குறை டிரையர் பக்கம்தான் என்று தெரிந்தது. (இரண்டுமே ஓடாவிட்டால் பிளக்கையும் ஃப்யூஸையும் பாருங்கள்.) டைமர் கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்றது. துணியை எடுத்துவிட்டு வெறும் தொட்டியாக வைத்தும் பலனில்லை. கடைசியாக மூடி. எங்கள் மெஷினில் அதன் ஓரத்தில் விரல் நுனி அளவு பிளாஸ்டிக் முனை உண்டு. மூடும்போது அது உள்ளே இருக்கிற சுவிட்சை அழுத்தினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். அந்த முனை உடைந்திருந்தது!

யூனிஃபாரத்தை உலர்ந்த துண்டில் சுருட்டிப் பிழிந்து, ராத்திரி முழுக்க ஃபேனடியில் போட்டு, காலையில் இஸ்திரி போட்டு அனுப்பினேன்.

மறுநாள் வந்த மெக்கானிக், "புது மூடி திருச்சியிலிருந்து வர நாலு நாள் ஆகும் அக்கா. அதுவரைக்கும் சுவிட்சை டைரக்டாகச் சேர்த்துவிடட்டுமா? மூடாமலே ஓடும்" என்றார். எனக்கும் சபலம்தான். அந்த நேரம் பார்த்து, வீட்டுக்கு வந்திருந்த நாத்தனாரின் நாலு வயசுப் பையன் தொட்டி விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தொட்டியாச்சே! ஈரத்துணி விரலில் சுற்றினால் கையையே முறித்துவிடும். மூடியைத் திறந்ததும் கரண்ட் நின்று பிரேக் பிடிப்பது அதற்காகத்தானே? "வேண்டாம் தம்பி, மூடியே வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் பிழிந்ததில் கை வலித்தது. மனசு நிம்மதியாக இருந்தது.

இன்னும் சில:

* டிரையர் 'உம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். விட்டால் மோட்டார் கருகும். கைக்குட்டை, சாக்ஸ் அடியில் சிக்கியிருக்கலாம், கெபாசிட்டர் போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். பின்பக்கத்தை நாமே கழற்றக் கூடாது.

* துணியைச் சமமாகப் பரப்பி, மேலே அழுத்தும் தட்டை வைத்த பிறகே மூடுங்கள்.

* ஈரக் கையோடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு சுவிட்சைத் தொடாதீர்கள். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் வீட்டில் அவசியம்.

மூடியைச் சரியாக மூடாததால் டிரையர் ஓட மறுத்தால் கோபிக்காதீர்கள். நம் வீட்டுக் குழந்தையின் விரலை அது காப்பாற்றுகிறது!