சூடு வேறு, விரிசல் வேறு

"தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, ஏதோ கூடக் குறைச்சலாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்" என்று நம் சங்கத்தில் யாராவது ஒருவர் சொல்லாத மாதம் இல்லை. கழுத்தை டாக்டர் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. டி.எஸ்.எச். என்ற ஒற்றை எண்ணை வைத்தே தைராய்டு விவகாரம் முழுவதையும் முடித்துவிடும் இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சக்கரம், அச்சு என்று காலம் தள்ளியவன். என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி கண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்குவதற்காகப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. தைராய்டு தேவைக்கு மேல் சுரந்தால் உத்தரவு நின்றுபோகும்; எண் இறங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். கட்டியும் இருந்து எண்ணும் இறங்கியிருந்தால், கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு கொடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். கட்டியே அதை அதிகமாக இழுத்துக்கொண்டால் அது 'ஹாட்' கட்டி. "ஹாட் என்றால் கான்சர் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்பார்கள். நூற்றுக்குச் சில பேரைத் தவிர மற்றவர்களுக்கு அது சரிதான். ஊசி போட்டுச் சோதிப்பதும் அநேகமாக அவசியப்படாது. அந்தச் சில பேரைப் பற்றித்தான் என் கவலை.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. வண்டி நின்றதும் எக்ஸாமினர் ஆக்ஸில் பாக்ஸைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் பேரிங்கில் கோளாறு. அச்சுக்குள் ஓடும் விரிசலைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அல்ட்ராசானிக் சோதனை வேண்டும். சூடு வேறு, விரிசல் வேறு. பாக்ஸ் சுடுகிறது, ஆகவே அச்சில் விரிசல் இல்லை என்று எந்த எக்ஸாமினரும் எழுதித் தரமாட்டார். கழுத்துக்கும் அதே அல்ட்ராசானிக் தத்துவம்தான், இங்கே நாம் சோனோகிராபி என்கிறோம். கட்டியின் ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா, பக்கத்து நெறிகள் வீங்கியிருக்கின்றனவா என்பதையெல்லாம் அது காட்டும். ரத்தப் பரிசோதனை காட்டாது.

கான்சரே ஹார்மோனைக் கொட்டுவதும் உண்டு, மிக அபூர்வம். நியூயார்க் மாண்டிஃபியோர் ஆஸ்பத்திரியின் ஒரு நோயாளி இதில் பிரசித்தம். 1923-இல் அவருடைய தைராய்டை அறுத்து எடுத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துத் தைராய்டு மிகுதியின் அத்தனை அறிகுறிகளோடும் வந்து நின்றார். கழுத்தில் சுரப்பியே இல்லாதவருக்குச் சுரப்பு எங்கிருந்து வரும்? கதிரியக்க அயோடின் கொடுத்து கைகர் கருவியை உடம்பெங்கும் நகர்த்திப் பார்த்தார்கள். நுரையீரலிலும் எலும்புகளிலும் பரவியிருந்த கான்சர் திட்டுகள் அயோடினை இழுத்து ஹார்மோன் செய்துகொண்டிருந்தன! நோயைக் காட்டிக்கொடுத்த அதே அயோடினை 1943-இல் மருந்தாகவும் கொடுத்தார் டாக்டர் சாமுவேல் சீட்லின். 1946-இல் அது பிரசுரமானது. நம் பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர் மருத்துவப் பிரிவு 1963 முதல் நடப்பதும் அந்த வழியில் வந்ததே.

இவ்வகைக் கான்சர் பெரும்பாலும் ஃபாலிக்குலர் ஜாதி. இதில் ஊசிச் சோதனையும் கைவிரிக்கும். சாதாரணக் கட்டியும் கான்சர் கட்டியும் செல் அளவில் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியின் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதை, ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மறுபக்கமும் இருக்கிறது, நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். தைராய்டு கான்சர் வந்தவர்களில் மிகப் பலருக்கு டி.எஸ்.எச். சாதாரணமாகவே இருக்கும். "ரிப்போர்ட் நார்மல்" என்று கழுத்துக் கட்டியை வருஷக்கணக்கில் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருப்பது வேண்டாம். கட்டி என்றதும் கலங்கவும் வேண்டாம். பத்தில் ஒன்பதுக்கு மேல் கெடுதல் இல்லாதவை.

என் மனைவிக்கு ஒரு கிளினிக்கில் எட்டு மாதம் வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ஸ்கேன்கூட எழுதவில்லை. நாங்களாகக் கேட்ட பிறகுதான் சோனோகிராபி, பிறகு கதிரியக்க ஸ்கேன். நல்லவேளை, வெறும் ஹாட் கட்டி. அயோடின் மருந்தோடு தீர்ந்தது.

கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். பாஷை ஒரு காரணம். பாதி வைத்தியம் இங்கே, லீவில் போகும்போது மீதி ஊரில் என்பது இன்னொரு காரணம். இங்கே எடுத்த படம் ஊர் டாக்டருக்குத் தெரியாது. போன வருஷம் கட்டி எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் கேட்டால் விழிப்போம். எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் கோத்துக் கையோடு கொண்டுபோங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கப் போகுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் போகச் சொல்வார்கள்.