பூனைக்குப் பால் ஊத்தாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. போன வாரம் எங்க தெருவுல இன்னொரு பூனைக்குட்டி வயித்தால போயே செத்துப் போச்சு. பக்கத்துல ஒரு கிண்ணம் நிறைய பால். இனிமே தள்ளிப் போட முடியாது மக்களே. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். ஓசூர்ல பாகலூர் ரோடு பக்கம் வாடகை வீடு. தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய் பொட்டி தட்டற ஜென்மம் நான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மழை ராத்திரி, கம்பெனி பஸ்ல இருந்து இறங்கி நடந்து வர்றப்போ சாக்கடை ஓரமா ஒரு குட்டி. ஒரு மாசம் இருக்கலாம். சட்டைக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு வந்தேன்.

வீட்டு ஓனரம்மா தெலுங்கு. "பாலு பொய்யி பாபு"ன்னாங்க. எதிர் வீட்டு அக்கா கன்னடம். "ஹாலு ஹாக்ரீ"ன்னாங்க. ஊர்ல இருந்து எங்கம்மா போன்ல, "பால் ஊத்து கண்ணு, பாவம்"னாங்க. ஓசூர்ல மூணு மொழிக்காரங்களும் ஒரே விஷயத்துல ஒத்துப் போறது அபூர்வம். அதனால சரியாத்தான் இருக்கும்னு ஊத்தினேன். மறுநாள் வயித்தால போச்சு. பால் கெட்டியா இருக்கு போலன்னு தண்ணி கலந்தேன். அதுக்கு மறுநாள், நமக்கெல்லாம் வயிறு சரியில்லைன்னா என்ன சாப்பிடுவோம், தயிர் சாதம்தானே, அதைப் பிசைஞ்சு வெச்சேன். நாலாம் நாள் சாயந்திரம் வந்து பார்த்தா குட்டி விறைச்சுக் கிடந்துச்சு. நாலு நாள்ல ஒரு தடவை கூட டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்னு எனக்குத் தோணலை. 'பால் ஊத்திட்டாங்க'ன்னா நம்ம ஊர்ல வேற அர்த்தமும் உண்டு இல்லையா? அதைத்தான் செஞ்சிருக்கேன்.

இந்த வருஷம் அவரைக்காய் சீசன்ல ரெண்டாவது குட்டி வந்துச்சு. மார்க்கெட்ல அவரைக்காய் மூட்டைக்குப் பின்னாடி கிடைச்சதால பேரு 'அவரை'. யாரும் அதை மரியாதைக் குறைவா கூப்பிடவே முடியாது, அது ஒரு வசதி :-) வயசு ரெண்டு மாசம். இதுக்கும் வந்த அன்னிக்கே வயித்தால போச்சு. இந்தத் தடவை நான் ஊர்ப் பேச்சைக் கேட்கலை. உட்கார்ந்து படிச்சேன், டாக்டரைப் பார்த்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, நாம பூனைன்னு நினைச்சு வளர்க்கறது சின்ன சைஸ் மனுஷனை.

முதல் பாயின்ட், பால். பால்ல இருக்கற லாக்டோஸை ஜீரணிக்க லாக்டேஸ்னு ஒரு நொதி வேணும். தாய்ப்பால் குடிக்கற வயசுல குட்டிக்கு அது இருக்கு. பால் மறக்க மறக்க அது குறைஞ்சுடும். ஜீரணமாகாத லாக்டோஸ் குடல்ல தண்ணியை இழுக்கும், பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், மிச்சத்தை நீங்க தரையில துடைப்பீங்க. சரி, பால் மறக்காத குட்டிக்காவது பசும்பால் கொடுக்கலாமான்னா, அதுவும் பத்தாது. தாய்ப் பூனையோட பால்ல இருக்கற புரதம், பசும்பாலைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தாய் இல்லாத குட்டிகளுக்குன்னே தனியா பால் பவுடர் விக்குது. அதுதான் கொடுக்கணும். கன்னுக்குட்டிக்குச் சுரக்கற பால் கன்னுக்குட்டிக்குத்தான் சரி.

"எங்க வீட்டுப் பூனை பத்து வருஷம் பால் குடிச்சு நல்லாத்தானே இருந்துச்சு?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். சில பூனைக்குப் பால் ஒத்துக்கும், மறுக்கலை. ஆனா அந்தப் பூனை பாலால வாழ்ந்துச்சுங்கறதுதான் தப்பு. தேன்கனிக்கோட்டை பக்கம் எங்க பாட்டி வீட்டுல ராகி மூட்டை அடுக்கி வெச்சிருப்பாங்க. அங்கேயும் ஒரு பூனை இருந்துச்சு. காலைல ஒரு கொட்டாங்குச்சி பால் வைப்பாங்க. நாங்க பார்த்தது அதைத்தான். ராத்திரி முழுக்க மூட்டைக்கு நடுவுல அது எலி பிடிச்சுத் தின்னதை யாரும் பார்க்கலை. ஒரு முழு எலின்னா கறி, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் அடங்கின ஒரு ஃபுல் மீல்ஸ். பால் அதுக்கு மேல ஒரு காபி மாதிரி. இப்போ அதே பூனையை ரெண்டாவது மாடி ஃபிளாட்டுல அடைச்சு, எலியைக் கட் பண்ணிட்டு, காபியை மட்டும் கொடுத்துட்டு, "அந்தக் காலத்துல நல்லாத்தானே இருந்துச்சு"ன்னா என்னத்தைச் சொல்ல?

ரெண்டாவது, தயிர் சாதம். நாய் நம்மளோட சேர்ந்து எதையும் தின்னு பழகிடும். பூனை அப்படி இல்லை, அது அசைவம் தின்னே தீரணும். காரட்ல இருக்கற பீட்டா கரோட்டினை நம்ம உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கும், பூனை உடம்பால முடியாது. டாரின்னு ஒரு சத்து இருக்கு. அதையும் பூனையால தேவைக்குத் தயாரிச்சுக்க முடியாது, கறி, மீன்ல இருந்துதான் வரணும். அது குறைஞ்சா கண்ணோட விழித்திரை கெடும்னு 1975-லயும், இதயம் வீங்கிப் பலவீனமாகும்னு 1987-லயும் ஆராய்ச்சி வெளியாச்சு. ரெண்டாவது வேலை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல நடந்தது. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க பூனை உணவுல டாரினைக் கூட்டினாங்க. தயிர்ல லாக்டோஸ் கொஞ்சம் குறைவுதான். ஒரு ஸ்பூன் நக்கினா ஒண்ணும் ஆகாது. ஆனா வளர்ற குட்டிக்குச் சோறே அதுதான்னா அது பட்டினிதான், வயிறு மட்டும் நிறைஞ்சிருக்கும். அப்புறம் அந்த பிஸ்கட்! பூனைக்கு இனிப்பே தெரியாதுங்க. இனிப்பை உணர்ற மரபணு பூனைகிட்ட பழுதாகிக் கிடக்குன்னு 2005-ல பிலடெல்பியாவுல இருக்கற மோனல் ஆய்வு மையத்துக்காரங்க கண்டுபிடிச்சாங்க. சாம்பார் சாதம் போடறவங்களுக்கு இன்னொண்ணு. வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

"சரி, நான் சிக்கன்தானே போடறேன்"ங்கற நண்பர்களுக்கு: வெறும் எலும்பில்லாத கறியா போட்டா கால்சியம் சுத்தமா பத்தாது. குட்டியோட உடம்பு அதோட எலும்பையே கரைச்சு எடுத்துக்கும். குதிச்சாலே கால் உடையற அளவுக்குப் போகும். வயிறு சரியில்லாத ரெண்டு மூணு நாளைக்கு உப்பு காரம் இல்லாம வேகவெச்ச சிக்கன் நல்லதுதான். மாசக்கணக்கா அது மட்டுமேன்னா ஆகாது. பச்சைக் கறி 'இயற்கை'ன்னு சொல்றவங்க, 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல பாக்கெட் பச்சை இறைச்சி தின்ன பூனை பறவைக் காய்ச்சல்ல செத்த செய்தியைத் தேடிப் படிங்க.

இவ்வளவு சொன்னதும் "ஓ, இவன் பாக்கெட் கம்பெனி ஆளு"ன்னு நினைப்பீங்க. அவங்களையும் விடப் போறதில்லை. அவரைக்கு வயித்தால போகுதுன்னு ஒரு கடைக்குப் போனேன். எடுத்த எடுப்புல 'சென்சிட்டிவ்'னு போட்ட பாக்கெட்டைத் தூக்கிக் கையில கொடுத்தார். ரெண்டு கிலோ 2000 ரூபாய்க்குப் பக்கம். பின்னாடி திருப்பிப் பார்த்தா பெரிய பூனைக்கானது! குட்டிக்கானதே இல்லை. "சார், வயிறுக்கு இதான் சார் பெஸ்ட்"னார். வயித்துல என்ன பிரச்சினைன்னு அவரும் கேட்கலை, பாக்கெட்டும் கேட்கலை. முன்பக்கம் போடற வார்த்தைக்கு மயங்காதீங்க. பெரிய கம்பெனின்னா தப்பே பண்ணாதுன்னும் நம்பாதீங்க. 2007 மார்ச்சுல வட அமெரிக்காவுல மெனு ஃபுட்ஸ் கம்பெனி கோடிக்கணக்கான டப்பாக்களைத் திரும்ப வாங்க வேண்டி வந்துச்சு. சீனாவுல இருந்து வந்த கோதுமைப் புரதத்துல மெலமின் கலந்திருந்து, நிறைய பூனையும் நாயும் சிறுநீரகம் போய்ச் செத்துச்சு.

பாக்கெட்டுல பார்க்க வேண்டியது பின்பக்கம். 'முழுமையான, சமச்சீர் உணவு'ன்னு இருக்கணும். 'வளரும் குட்டிகளுக்கு' அல்லது 'எல்லா வயசுக்கும்'னு இருக்கணும். அமெரிக்காவோட ஆஃப்கோ அளவுப்படி குட்டிக்கான உணவுல ஈரத்தைக் கழிச்சுட்டு குறைஞ்சது 30 சதவீதம் புரதம் வேணும். இந்த 'ஈரத்தைக் கழிச்சுட்டு' முக்கியம். ஈர உணவு பவுச்சுல 10 சதவீதம் புரதம்னு பார்த்து ஏமாந்து வெச்சுடாதீங்க. அதுல 80 சதவீதம் தண்ணின்னா, மிச்சம் 20-ல 10, அதாவது 50 சதவீதம். உலர் உணவுல 32 சதவீதம், ஈரம் 10 சதவீதம்னா, 90-ல 32, சுமார் 36 சதவீதம். நாலாங்கிளாஸ் கணக்குதான்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். அவரைக்கு என்ன செஞ்சேன்? சாஃப்ட்வேர்ல ஒரு பக் வந்தா ஒரே நேரத்துல நாலு இடத்துல கோடை மாத்த மாட்டோம். எதனால சரியாச்சுன்னே தெரியாது. ஆனா பூனை விஷயத்துல நாம செய்யறது அதுதான். இன்னிக்குப் பால், நாளைக்குத் தயிர், அதுக்கு மறுநாள் புது பாக்கெட், நடுவுல ஒரு மாத்திரை. நான் முதல் வேலையா, சாணத்தை ஒரு டப்பால எடுத்துக்கிட்டு குட்டியோட டாக்டர்கிட்ட போனேன். வட்டப்புழு. தாய்ப் பூனையோட பால் வழியாவே குட்டிக்கு வர்ற சமாச்சாரம். எடை பார்த்து மருந்து கொடுத்தார், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும். அந்த 2000 ரூபாய் பாக்கெட்டை வாங்கியிருந்தா புழுவுக்குத்தான் நல்ல சாப்பாடு போட்டிருப்பேன். 'வயிறு சென்சிட்டிவ்'ங்கறது நோயே இல்லை சாமி. புழுவா, கிருமியா, பாலா, திடீர்னு மாத்தின சாப்பாடான்னு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாம ஒட்டற லேபிள் அது.

அப்புறம் ஒரே ஒரு சாதாரண குட்டி உணவு. வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு நாலு வேளை. சுத்தமான தண்ணி தனியா. வேற எதுவும் இல்லை. பிஸ்கட்டோட வந்த எதிர் வீட்டு அக்காவையும் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். அஞ்சாம் நாள் சரியாச்சு. பின்னாடி பிராண்ட் மாத்தினப்போ பழசையும் புதுசையும் கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மெதுவா மாத்தினேன். செலவு? ஒரு கிலோ எடைக் குட்டிக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம். மாசம் ஒண்ணரை கிலோ. நான் வாங்கறது கிலோ 400 ரூபாய், ஆக 600 ரூபாய். ஒரு பீட்சா காசு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'லங்கணம் பரம ஔஷதம்'னு குட்டியைப் பட்டினி போடாதீங்க. சின்ன உடம்புல கையிருப்பு கிடையாது, சர்க்கரை சட்டுனு இறங்கிடும். நம்ம மாத்திரை எதையும் கொடுக்காதீங்க, பாரசிட்டமால் பூனைக்கு விஷம். வாந்தி, ரத்தம், சாப்பிடாம சுருண்டு படுக்கறது, பிடரித் தோலைத் தூக்கி விட்டா பழையபடி படியாம நிக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே டாக்டர். பேன்லூக்கோபீனியான்னு ஒரு வைரஸ் ஓரிரு நாள்ல குட்டியைக் கொண்டு போயிடும். அதுக்குத் தடுப்பூசி இருக்கு.

எங்க ஊரு மத்திகிரியில 1824-ல ஆரம்பிச்ச கால்நடைப் பண்ணை இருக்கு. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட கோழியினக் கல்லூரியும் அங்கேதான். கோழித் தீவனத்துல மெத்தியோனின் எவ்வளவு, லைசின் எவ்வளவுன்னு கணக்குப் போடறது ஒரு படிப்பு. வெட்டித் திங்கற கோழிக்கு அவ்வளவு கணக்கு. மடியில வெச்சுக் கொஞ்சற குட்டிக்கு மட்டும் "ஏதோ கொஞ்சம் பாலை ஊத்து".

அன்பு இல்லாம யாரும் பால் ஊத்தறதில்லை. அந்த ஓனரம்மாவுக்கும் எங்கம்மாவுக்கும் என்னைவிட அன்பு ஜாஸ்தி. முதல் குட்டி மேல எனக்கும் அன்பு இருந்துச்சு. ஆனா டாக்டர் வீடு ஒண்ணரை கிலோமீட்டர் தூரத்துல இருந்துச்சு, நான் போகலை. அடுத்த தடவை யாராவது ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தா கிண்ணத்தைத் தேடறதுக்கு முன்னாடி அதையாவது நினைச்சுக்கோங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். உங்க குட்டிக்கு என்னன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். அவரை இப்போ கீபோர்டு மேல படுத்திருக்கார். எழுத்துப்பிழை எல்லாம் அவரையே சேரும்.