எரிந்தால் ஒளி; எறிந்தால் நஞ்சு!

கடை திறந்தது முதல் கதவடைக்கும் வரை வெளிச்சம் தந்த குழல் விளக்கு ஒருநாள் கண்மூடுகிறது. கடைப்பையன் அதைக் கழற்றிக் குப்பைத் தொட்டியோரம் சாய்த்துவிட்டு வருகிறான். தொல்லை ஒழிந்தது என்று முதலாளி எண்ணுகிறார். ஒழியவில்லை; கைமாறியிருக்கிறது! விடிந்ததும் அந்தத் தொட்டியில் கை வைக்கப் போகிறவர் தூய்மைப் பணியாளர்.

குழலுக்குள் இருப்பது வெறுங்காற்றன்று, பாதரசம்! சில மில்லிகிராம்தான். ஆனால் குழல் உடைந்தால் ஆவியாகக் கிளம்பி மூச்சோடு உள்ளே புகும். நரம்பைத் தாக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிறமில்லை, நெடியில்லை, நுழைவதே தெரியாது.

"துளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்போர் உண்டு. ஒரு விளக்குக்குத் துளி, ஊரிலுள்ள விளக்குகளுக்கெல்லாம்? ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவின் பாதரசம் கடலில் கலந்தது, மீனில் ஏறியது, மீனை உண்ட மக்களை முடக்கியது. அந்த நோய் உலகுக்குத் தெரிந்தது 1956ல். அது தொலைதூரக் கதை என்பீர்களானால், கொடைக்கானல் நம் மலைதானே? வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் 2001ல் காயலான் கடையிலே குவிந்து கிடக்கக் கண்டோம். ஆலை மூடப்பட்டது. அங்கே பாடுபட்டவர்களோடு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டதோ 2016ல்! 15 ஆண்டுகள் ஏழை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று இதைப் பேசக் காரணம் உண்டு. குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென 2023ல் ஜெனீவாவில் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. எல்.இ.டி. வருகிறது, வரவேற்கிறோம். கழற்றப்படும் பழையவை எங்கே போகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஆண்டில் 1,000 கருவிகளாவது பயன்படுத்தும் நிறுவனம், கழிவைப் பதிவு பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். ஆயிரம் வைத்திருப்பவரை விதி பிடிக்கிறது. ஐம்பது வைத்திருப்பவரை? அத்தகைய கடைகள் அல்லவா கடைத்தெரு முழுவதும்! டெல்லி விதி எழுதியது. நம் வீதிக்கு வண்டி வந்ததா?

வழி அரிதன்று. குழலை உடையாமல் கழற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பினால், ஆலையிலே மூடிய பொறிக்குள் நொறுக்குகிறார்கள். ஆவியைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி வேறு, அலுமினியம் வேறு, உட்பூச்சுப் பொடி வேறாகப் பிரிகின்றன. பொடியைச் சூடாக்கிப் பாதரசத்தை மீட்கிறார்கள். கடையிலேயே உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். துடைப்பம் கூடாது, தடித்த அட்டையால் வாரி, இறுக மூடும் புட்டியில் அடைக்க வேண்டும்.

வணிகர் சங்கங்கள் கடைத்தெருதோறும் ஒரு சேகரிப்பு அறை அமைக்கட்டும். மாநகராட்சியும் நகராட்சியும் மாதம் ஒருநாள் வண்டி அனுப்பட்டும். விற்று இலாபம் கண்ட உற்பத்தியாளர்மீது விதி சுமத்திய பொறுப்பை, அரசு ஏட்டிலிருந்து எடுத்துச் செயலாக்கட்டும்.

வெளிச்சத்தில் வியாபாரம் செய்தவர் ஒருவர். அதன் நஞ்சைச் சுவாசிப்பவர் இன்னொருவர். இந்தப் பங்கீட்டை நாம் ஏற்கமாட்டோம்!