மிளகு மூட்டையும் ப்ளே ஸ்டோரும்

சந்தை வகைகள் நாலு என்று எல்லோரும் படித்திருப்போம்: நிறைவுப் போட்டி, முற்றுரிமைப் போட்டி, சில்லோர் முற்றுரிமை, முற்றுரிமை. சாஃப்ட்வேர் எழுதி விற்கிறவர் இதில் எந்த வகை என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு "முற்றுரிமைப் போட்டி" என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம். நிறைய விற்பனையாளர்கள், ஆளுக்கொரு விதமான சரக்கு, யார் வேண்டுமானாலும் நுழையலாம். பரீட்சைக்குச் சரி. மொபைல் ஆப் விஷயத்தில் இது சுத்தப் பொய் என்பது என் கட்சி.

எங்கள் வாழவந்தி நாட்டு மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். என் தோட்டத்து மிளகுக்கும் பக்கத்துத் தோட்டத்து மிளகுக்கும் வித்தியாசம் கிடையாது. விலை சொல்லும் இடத்தில் விவசாயி இல்லை. ஆனாலும் ஒரு வியாபாரியிடம் படியவில்லை என்றால் அடுத்தவரிடம் போகலாம். இல்லையா, மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டிப் போய் விற்கலாம். ரோடு அரசாங்கத்தினுடையது. விற்ற காசில் முப்பது சதவீதம் எனக்கு என்று யாரும் வளைவில் மறித்து நிற்பதில்லை.

ஆப் விற்கிறவருக்கு அந்த ரோடே இன்னொருவர் சொத்து. இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு போன்தான். வழி, ப்ளே ஸ்டோர். உள்ளே நுழைய 25 டாலர்தான், அதைத்தான் பாடப்புத்தகம் "தடையற்ற நுழைவு" என்கிறது! டிஜிட்டல் சரக்கு விற்றால் 2021 முதல் வருடத்தின் முதல் பத்து லட்சம் டாலருக்கு 15 சதவீதம், அதற்கு மேல் 30 என்று கூகுள் வைத்தது. போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936.44 கோடி அபராதம் போட்ட பிறகு, "வேறு வழியிலும் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இறங்கி வந்தார்கள். எவ்வளவு குறைத்தார்கள் தெரியுமா? நாலு சதவீதம். மூட்டையை நானே சுமந்தாலும் 26 சதவீதம் அவருக்கு. யூ.பி.ஐ.க்கு வியாபாரியிடம் கட்டணம் கூடாது என்று 2020 ஜனவரியிலேயே அரசு சொல்லிவிட்ட நாட்டில் இது.

எதிர்த்தால்? சென்னையின் பாரத் மேட்ரிமோனி நீதிமன்றம் போனது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது. 2024 மார்ச் 1 அன்று அதன் ஆப்கள் கடையிலிருந்து தூக்கப்பட்டன. நௌக்ரி, 99ஏக்கர்ஸும் கூடவே. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகுதான் திரும்பி வந்தன. பெரிய கம்பெனி என்பதால் அமைச்சர் காதுக்குப் போனது. நம் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து எழுதிய ஆப்பைத் தூக்கினால் யார் கேட்பார்கள்?

"கட்டணம் கட்டுபவர்கள் நூற்றில் மூன்று பேர்தானே" என்பது கூகுளின் பதில். மிச்சப் பேரில் பலர் எதில் சம்பாதிக்கிறார்கள்? விளம்பரத்தில். அந்த விளம்பரத்தைப் பெரும்பாலும் விற்பது யார்? அட, அவரேதான்.

பிடிக்கவில்லை என்றால் வேறு கடை போடு என்பார்கள் சிலர். போன்பே போட்டது, 2024 பிப்ரவரியில், இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று. அதை ப்ளே ஸ்டோரில் வைக்க விதி இடம் தரவில்லை. ஜனங்கள் தனியாகத் தேடி, போன் காட்டும் எச்சரிக்கைகளைத் தாண்டி இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த 936 கோடியையும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது.